கரும்பலகையில் எட்டுப் புள்ளி ஒன்று

அறங்கள் பலவற்றுள் செய்தற்கு அரியது ஒன்றுண்டு. தன் பிழையைப் பிறர் கண்டு சுட்டுமுன் தானே கண்டு, தன்னை மதிப்போர் நடுவே நின்று, தன் வாயால் அதை உரைத்தலே அது. கொடுத்தோர் புகழ் பெறுவர். பொறுத்தோர் அமைதி பெறுவர். பிழை உரைத்தோர்க்கோ அந்த நொடியில் கிடைப்பது தலைகுனிவு ஒன்றே. ஆதலால்தான் நூல் பல கற்றோரிலும் அவ்வறம் உடையோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருத்தி, சாலவாக்கத்தை அடுத்த ஓர் ஏரிக்கரை ஊரில், பால் சொசைட்டியில் பால் சோதித்து வாழ்கிறாள். பெயர் சுகிர்தா.

அகவை முப்பத்தொன்பது. கணவன் வெங்கடேசனுக்கு வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை. மாமியார் சிட்டம்மாள், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் இளமதி, கறவை இரண்டு, இவ்வளவே குடும்பம். காலை ஐந்தரைக்குச் சொசைட்டிக் கதவைத் திறப்பவள் அவள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியின் பாலையும் உயர்ந்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பால்மானியை மிதக்க விடுவாள். அது அசைந்து ஆடி நிலைபெறும் வரை வரிசையே மூச்சடக்கிப் பார்க்கும். “இருபத்தெட்டு டிகிரி” என்று அவள் சொன்னால், கொண்டுவந்தவள் முகத்தில் பெருமிதம். “இருபத்துநாலு” என்றாலோ பாலில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேன் எல்லோரும் பார்க்க வந்த வழியே திரும்பும். அவ்வூரில் ஒரு பெண்ணுக்கு அதனினும் பெரிய இழுக்கு இல்லை.

பிற்பகலில் அவள் வேறொருத்தி. அஞ்சல்வழியில் ஊட்டச்சத்தியல் பயின்றவள்; உத்திரமேரூரில் அச்சாகும் சிறு மாத இதழொன்றில் ஒன்பது ஆண்டுகளாக ‘மனையும் மெய்யும்’ என்ற பக்கத்தை எழுதி வருபவள். நூலறிவைத் தன் அடுப்படியில் வைத்து உரசிப் பார்த்தே எழுதுவாள். ஒருமுறை தன் வீட்டு நாட்காட்டியைப் பற்றி எழுதினாள். பசுவுக்குச் சினை ஊசி போட்ட நாள், அது கன்று ஈனும் நாள், சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வீட்டின் மூன்று பெண்களைக் குறித்து ஒரு புள்ளிகூட இல்லை. அப்பக்கம் வெளிவந்த வாரம் சொசைட்டி வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு புதுமை இருந்தது. படிக்கத் தெரிந்தவள் படித்துச் சொல்ல, தெரியாதவள் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று.

சென்ற பங்குனியில், கிராம சுகாதார செவிலி நிஷா, மாதத்தின் இரண்டாம் வியாழன்தோறும் சொசைட்டிக்கே வந்து பெண்களின் விரலில் குத்தி இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைச் சோதிக்கத் தொடங்கினாள். பால் ஊற்ற வருவோர் அங்கேயே விரலும் நீட்டிவிட்டுப் போகலாம் என்பது சுகிர்தாவின் யோசனை. அதற்கு ஊரை இணக்கும்பொருட்டு அம்மாதப் பக்கத்தில் இப்படி எழுதினாள்:

“பாலுக்கு டிகிரி உண்டு, பெண்ணின் இரத்தத்துக்கும் உண்டு. பன்னிரண்டு இருந்தால் நலம். டிகிரி இறங்கிய பாலில் நீர் கலந்திருக்கும். டிகிரி இறங்கிய இரத்தமும் அவ்வாறு நீர்த்ததே.”

எழுதி முடித்தபோது அந்த வரி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊருக்கும் பிடித்தது. முதல் சோதனையன்று நாற்பத்தொரு பெண்கள் விரல் நீட்டினர்.

அவர்களுள் ஒருத்தி செவ்வந்தி. நிலமில்லாதவள், பிறர் கழனியில் நாற்று நடுபவள், ஒற்றைக் கறவையைப் பிள்ளைபோல் வளர்ப்பவள். பதினோர் ஆண்டுகளில் ஒருநாளும் அவள் கேன் திரும்பியதில்லை. நிஷா கருவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “ஆறு புள்ளி ஒம்போது” என்றாள். அடுத்து நின்ற செல்லம்மாளுக்குச் செவி கூர்மை.

“இன்னாமே செவ்வந்தி, உன் பால்ல ஒருநாளும் தண்ணி இல்லன்னு பீத்திக்கினு கீறியே. ரத்தத்துலதான் ஊத்தி வச்சிக்கிறியா?”

வரிசை முழுதும் சிரித்தது. செவ்வந்தியும் சிரித்தாள். “அதானே பெரிம்மா, எங்க ஊத்துனேன்னு எனக்கே தெரியலயே” என்றாள். சுகிர்தாவும் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைப் பின்னர் எத்தனையோ முறை நினைத்து அவள் வருந்தினாள். நிஷா மாத்திரை கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று சீட்டும் எழுதித் தந்தாள். செவ்வந்தி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றுக் கேனுடன் விரைந்து நடந்தாள்.

அடுத்த மாதம் ஓர் அதிசயம். செவ்வந்திக்கு ஏழு புள்ளி ஐந்து. குறைவாக இருந்த வேறு பலருக்கும் சிறிது ஏற்றம். சுகிர்தா உள்ளம் குளிர்ந்தாள்.

“எப்டி செவ்வந்தி? கீரையா, மாத்திரையா?”

“நீ எழுதுனதத்தான்கா செஞ்சேன்.”

ஒரு பக்கம் எழுதி ஓர் ஊரின் குருதியை உயர்த்திவிட்டோம் என்று சுகிர்தா நம்பினாள். சித்திரை இதழில் அந்த மகிழ்ச்சியைத் தயக்கமின்றி எழுதவும் செய்தாள்.

வைகாசி பிறந்தது. சொர்ணவாரிப் பருவத்து நெல் நடவு. மூன்றாம் சோதனைக்கு முந்தைய நாள், புதன்கிழமை. மாலைப் பால் நேரத்தில் செவ்வந்தியின் கணவன் முனியன் வண்டியைச் சொசைட்டி வாசலிலேயே சாய்த்துவிட்டு ஓடிவந்தான்.

“யக்கா, செவ்வந்தி கயினில உயுந்துட்டா. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேன்றா. நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் வாயேன்.”

சுகிர்தா போய்ப் பார்த்தபோது செவ்வந்தி கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கோடையில் பாளம் பாளமாய் வெடித்த ஏரிமண்போல உதடுகள் வெடித்திருந்தன. நாவு மேலண்ணத்தில் ஒட்டிப் பேச்சுக் குழறியது. சுகிர்தா எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அவள் வாயருகே கொண்டுபோனாள். செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாங்கா. நாளைக்கு வியாயக்கெயம. நர்சம்மா வர்ற நாளு.”

“அதுக்கின்னா? குடி.”

“தண்ணி குடிச்சா டிகிரி எறங்கிடும்கா.”

சுகிர்தாவின் கை அந்தரத்தில் நின்றது.

செவ்வந்தி தன் கண்டுபிடிப்பை ஒளிக்கவில்லை. சற்றுப் பெருமையுடனேயே சொன்னாள். “கறக்கறதுக்கு முன்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டாம இருந்தா டிகிரி நிக்கும்னு சொல்வாங்க இல்ல? நீதான் பாலும் ரத்தமும் ஒண்ணுன்னு எழுதிட்டியே. அதான் நர்சம்மா வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே தண்ணிய நிறுத்திட்டேன். ஏறிச்சா இல்லியா? ஏயரை வந்துச்சே! இன்னும் பத்து பேருக்கு சொன்னேன். அல்லாருக்கும் ஏறிச்சி.”

சுகிர்தா படித்தவள், ஏன் ஏறிற்று என்பது அவளுக்கு அந்தக் கணமே விளங்கியது. உடல் வறண்டால் குருதியும் சுண்டும். சுண்டினால் கருவி காட்டும் எண் சற்று உயரும். அவ்வளவே. அவள் இதழில் கொண்டாடிய ஏற்றம் பதினொரு பெண்களின் தாகம்.

“மாசாமாசம் போறது எப்டி கீது செவ்வந்தி?”

“பதினஞ்சு நாளு போவும். ஒரு வருசமா அப்டிதான். அது அல்லா பொம்பளைக்கும் கீறதுதானக்கா?”

சுகிர்தா அந்த உடலைப் பார்த்தாள். மாதத்தில் பாதி நாள் குருதி சொரிகிறது; இருக்கும் குருதியோ இருக்க வேண்டியதில் பாதி. அதை வைத்துக்கொண்டு இவள் விடியுமுன் பால் கறந்தாள். வெயிலில் குனிந்து ஓராள் நடவு நட்டாள். புல்லுக்கட்டைத் தலையில் வைத்து ஏரிக்கரை ஏறி இறங்கினாள். வரிசையில் நின்று தன்னை நகைத்தோருடன் சேர்ந்து தானும் நகைத்தாள். கோடையில் திருமுக்கூடலுக்குப் போனால் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் கண்ணுக்கெட்டியவரை மணலே தெரியும். குனிந்து கையால் தோண்டினாலோ ஊற்றுச் சுரக்கும். இவளுள் எங்கே இருக்கிறது அந்த ஊற்று? படைத்தவன் எந்த இழையால் இந்த மெய்யை முடைந்தான்? சுகிர்தாவுக்குக் கைகூப்பத் தோன்றியது. கூப்ப வேண்டிய கையில் தண்ணீர்க் குவளை இருந்தது.

“செவ்வந்தி, நான் எழுதுனது தப்பு.”

செவ்வந்தி அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “பொஸ்தகத்துல வந்தது எப்டிக்கா தப்பாவும்?”

ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ வாசகர் கடிதங்கள் வந்திருந்தன. இந்தச் சொல்லளவு உயர்ந்த பாராட்டும் இதனளவு கொடிய தண்டனையும் எதிலும் இருந்ததில்லை.

அதட்டியும் கெஞ்சியும் குவளை நீரைக் குடிக்க வைத்தாள். நிஷாவைத் தொலைபேசியில் அழைத்தாள். சிறிது சிறிதாக நீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி மயங்கினால் அக்கணமே ஆம்புலன்சை அழைக்க வேண்டும், எப்படியாயினும் காலையில் முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே தீங்கு என்றாள் நிஷா. செவ்வந்தி எழுந்து அமர்ந்தாள்; மூச்சு சீரானது; பிடிவாதம் மட்டும் தளரவில்லை.

“அங்க போனா மொதல்ல ரத்தம்தான் பாப்பாங்க. தண்ணி ரத்தம்னு எழுதிக் குடுத்தாங்கன்னா இந்த மனுசன் எப்டி ஊர்ல தல காட்டுவாரு? கேன் திரும்பாத வூடுக்கா இது.”

முனியன் தலையில் அடித்துக்கொண்டான். “எனக்கு இன்னாத்துக்குமே மானம்? நீ கீறியா, அது போதும்” என்றான். அவள் காதில் அது ஏறவில்லை. நாணத்தைப் புகட்டியது ஒரு வரி. அதை எழுதியவள்தான் எடுத்தாக வேண்டும் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. அடுத்த இதழ் வர மூன்று வாரம் இருந்தது. செவ்வந்திக்கு அத்தனை நாள் இல்லை.

விளக்கேற்றும் வேளையில் வீடு திரும்பிய சுகிர்தா, மறுநாள் காலை சொசைட்டியில் தான் செய்யப்போவதை வீட்டாரிடம் சொன்னாள். மாமியார் சிட்டம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஊர் நடுவுல நின்னுக்கினு, நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லப்போறியா? அப்பறம் எவ உன் எழுத்தப் படிப்பா? அந்தப் பொண்ணு தப்பாப் புரிஞ்சிக்கிச்சின்னு சொல்லிட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்கமாட்டாங்க அத்த. அதான் பயமா கீது.”

வெங்கடேசன் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தான். அவன் அதிகம் பேசாதவன். “அதெல்லாம் இருக்கட்டும். உன் நெம்பரு இன்னா?”

சுகிர்தாவிடம் அந்த எண் இல்லை. இரண்டு மாதமும் வரிசையை ஒழுங்குபடுத்தினாள். பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். பேரேட்டில் பெயர் எழுதினாள். தன் விரலை மட்டும் நீட்டவில்லை. ஊருக்கு எழுதுகிறவளுக்கு எதற்கு என்று எண்ணியிருந்தாளோ, எண் குறைந்திருந்தால் என் செய்வது என்று அஞ்சியிருந்தாளோ, அவளுக்கே தெரியவில்லை. கணவன் உண்டு எழுந்தபின், மகள் உண்டு எழுந்தபின், பானையின் அடியில் மீந்ததை மாமியாரும் தானும் வழித்துண்ணும் அந்த வேளையில், முதன்முறையாக அவள் தன் தட்டைப் பார்த்தாள். கீரை தீர்ந்திருந்தது. அன்று மட்டுமா தீர்ந்திருந்தது?

விடிந்தது. சொசைட்டி வாசலில் கேன்கள் வரிசையில் நின்றன. சுகிர்தா கதவைத் திறந்தாள், குடுவையை எடுக்கவில்லை. பால் விவரம் எழுதும் கரும்பலகையைத் துடைத்தாள். பெரிய எழுத்தில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்தாள்.

“பாலும் இரத்தமும் ஒன்று என்று நான் எழுதியது பிழை. பாலில் நீர் கலப்பவர் உண்டு. இரத்தத்தில் நீர் கலப்பவர் எவருமில்லை. தண்ணீரை நிறுத்தினால் இரத்தம் ஏறாது, உயிர் போகும். இன்றே, இப்போதே தண்ணீர் குடியுங்கள். — சுகிர்தா.”

ஒரு கன்று கத்தியது. வரிசையில் பத்துப் பெண்களின் பார்வை தரையில் இருந்தது.

சுகிர்தா நிஷாவின் முன் அமர்ந்து விரலை நீட்டினாள். ஊசி குத்தியது. நிஷா கருவியைப் பார்த்தாள், சுகிர்தாவைப் பார்த்தாள், மெல்லச் சொல்லலாமா என்று கண்ணால் கேட்டாள். “கத்தி சொல்லு நிஷா” என்றாள் சுகிர்தா.

“எட்டு புள்ளி ஒண்ணு.”

அவள் எழுந்து சென்று, பலகையில் தன் பெயருக்குக் கீழே அந்த எண்ணைத் தானே எழுதினாள்.

செல்லம்மாள் வாய் திறந்தாள். “எட்டா? ஊருக்கெல்லாம் கீர தின்னு கீர தின்னுன்னு எழுதினவளுக்கு எட்டா?”

“ஆமா பெரிம்மா. எழுதுனேன். திங்கல.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் இது வேறு சிரிப்பு. தம்மையும் சேர்த்துச் சிரித்தோரின் சிரிப்பு. அதனூடே ஒரு முதிய கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. சிட்டம்மாள்.

“எனக்கும் குத்தும்மா. எம்மருமவளுக்குச் சோறு போடலன்னு நாளைக்கு எவளும் பேசக்கூடாது. ரெண்டு பேரும் ஒரே பானைய வயிச்சித்தான் தின்றோம். குத்து, பாப்போம்.”

ஏழு புள்ளி எட்டு. சிட்டம்மாள் அதைக் கேட்டுப் பலகையை நோக்கிக் கையை ஆட்டினாள். “எயுது, எயுது. மாமியாக்காரியும் ஃபெயிலுன்னு எயுது.”

சற்று அப்பால், முனியன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய செவ்வந்தி, கவிழ்த்த கேன்மீது அமர்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா அவளருகே போய் மண்டியிட்டாள். செவ்வந்தி பலகையைக் கைகாட்டினாள்.

“அப்போ நீ தண்ணி கலக்கலயாக்கா?”

“இல்ல செவ்வந்தி.”

“உங்க மாமியா?”

“அவங்களும் இல்ல.”

செவ்வந்தியின் கண் நிறைந்தது. வறண்ட அவ்வுடலில் கண்ணீருக்கு மட்டும் நீர் எங்கிருந்து வந்ததோ! “அப்போ நானும் கலக்கல” என்றாள். ஊர் கேட்கச் சொன்னாள். பிறகு கணவனைப் பார்த்து, “நின்னுக்கினே கீறியே, ஆட்டோ கூப்புடு” என்றாள்.

அவ்வொரு சொல்லுக்காக ஒரு பெண் ஊர் நடுவே தன் ஒன்பது ஆண்டுப் பெயரைப் பணயம் வைத்தாள். அச்சொல் கிடைத்துவிட்டது.

ஆட்டோவில் செவ்வந்தியின் தலை சுகிர்தாவின் மடியில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கண்டபோது அவளுக்கு ஆறு புள்ளி இரண்டு. மூன்று பை குருதி ஏற்றினார்கள். கருப்பையில் ஒரு கட்டி, தீயது அன்று, நீக்கிவிட்டால் போக்கு நிற்கும் என்றார் மருத்துவர். அதையும் நீக்கினார்கள். ‘எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான்’ என்று ஓராண்டு அவள் சுமந்தது, ஒரு பகலில் நீங்கியது.

ஆவணி மாதத்து வியாழன் ஒன்றில் செவ்வந்தி மீண்டும் வரிசைக்கு வந்தாள். ஒன்பது புள்ளி ஆறு. செல்லம்மாள் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்தே அந்த வழக்கம் இல்லாதவள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பை மட்டும் செவ்வந்தியிடம் நீட்டினாள். “இந்தா, குடிச்சிட்டு நில்லு. தண்ணி இல்லன்னா மாடே கறக்காது, நீ எம்மாத்திரம்.” அந்தச் செம்பு அதற்கு முன் செவ்வந்தியின் கைக்கு வந்ததில்லை. அவள் அண்ணாந்து ஊற்றப் போனாள். “வாய வச்சிக் குடிமே” என்றாள் செல்லம்மாள். சுகிர்தா குடுவையை நோக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

அதற்கு முன்பே, ஆனி இதழில் ‘மனையும் மெய்யும்’ பக்கம் இவ்வாறு தொடங்கியிருந்தது: “சென்ற பங்குனியில் நான் எழுதிய ஒரு வரி தவறு. அதனால் பதினொரு பெண்கள் தாகத்தில் நின்றார்கள்; ஒருத்தி வீழ்ந்தாள். அவ்வரியைக் கிழித்துவிட்டு மேலே படியுங்கள்.” படிப்பவர் குறைவர் என்று சிட்டம்மாள் அஞ்சினாளே, குறையவில்லை. பக்கத்து ஊர்ச் சொசைட்டிகளிலும் அதை உரக்கப் படிப்பதாகச் செய்தி வந்தது.

அவ்வீட்டு நாட்காட்டியில் இப்போது பசுவின் நாளோடு மூன்று பெண்களின் எண்களும் இருக்கின்றன. எழுதுபவன் வெங்கடேசன். சென்ற மாதக் கட்டத்தில் சுகிர்தா பத்து புள்ளி நான்கு, சிட்டம்மாள் ஒன்பது புள்ளி எட்டு, இளமதி பதினொன்று. அதன் கீழே, சிறிய எழுத்தில், ‘கீரை முதலில் இவங்களுக்கு’ என்று எழுதியிருக்கிறான். இரவு எட்டு மணிக்கு நால்வரும் ஒன்றாக உண்ண அமர்கிறார்கள். யாருக்கு யார் பரிமாறுவது என்பதில் மட்டும் இன்னும் சிறு பூசல் உண்டு.

பிழை உரைத்த நாவு நலம் பெறுக! அவள் மனையில் அடுப்பு அவியாதிருக்க, கீரைப்பாத்தி வாடாதிருக்க, கறவைகள் மடி நிறைந்து நிற்க. அவ்வீட்டுப் பெண்கள் முதற்கவளம் உண்டு முகமலர்க. கேட்டு உண்ணும் கணவனும், கடிந்து காக்கும் மாமியும், கற்று வளரும் மகளும் நீடு வாழ்க. மூன்று ஆறுகள் கூடும் துறையில் எழுந்தருளிய பெருமான், மணலடியில் நீர் காப்பதுபோல், அவ்வில்லத்தார் மெய்யில் குருதியும் மனத்தில் வாய்மையும் வற்றாமல் காத்தருள்க!